இலையும் சேர்த்து அரைத்த காலை

காலை ஏழு நாற்பது. சனிக்கிழமை. நியூ ஜெர்சியில், எங்கள் ஐசலின் அபார்ட்மென்ட்டின் சமையலறையில் அம்மா மிக்ஸியைப் போட்ட நேரம் அது. ஏழரைக்குத் தொடங்கிய கார்ட்டூனில் முதல் விளம்பரம் வந்தபோது தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அடுப்பு மேலிருந்த கடிகாரத்தின் பச்சை எண்கள் கண்ணில் பட்டன. அதனால் நிமிடம்கூட மறக்கவில்லை. வாடையும் மறக்கவில்லை. ஜாடிக்குள் கறுப்புப் பழங்களோடு இலைகளும் இளங்காம்புகளும் சுற்றிக்கொண்டிருந்தன. ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அப்படி ஒரு வாடை.

எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஐந்து.

இதைப் படிக்கும் உங்களில் பலர் என்னைப்போல அப்பாவின் வேலைக்காகச் சிறு வயதில் இங்கே வந்து இறங்கியவர்கள். பல் டாக்டரிடம், வங்கியில், ஸ்கூல் ஆபீஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசியவர்கள். அந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு செப்டம்பரில் அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் அப்பாவை டெக்சாஸில் ஒரு ப்ராஜெக்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இர்விங்கில் வேறு மூன்று பேரோடு தங்கியிருந்தார்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விமானத்தில் வந்து போவார். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேலைக்குப் போக விசாவில் இடமில்லை. வேலூரில் பி.எஸ்ஸி. பாட்டனியை முதல் வகுப்பில் முடித்தவள். இலைகளை அழுத்திக் காயவைத்து ஒட்டிய அவளுடைய கல்லூரி நோட்டு ஒன்று சூட்கேஸில் வந்திருந்தது. மத்தியானங்களில் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீடு மாறும்போது அது எங்கே போனது என்று தெரியவில்லை.

தம்பி அந்த மாதம்தான் கிண்டர்கார்டன் சேர்ந்தான். சேர்ந்த முதல் வாரத்திலேயே இருமல். சாதாரண இருமல் இல்லை. தொடங்கினால் முகம் சிவந்து, தோள் இரண்டும் குலுங்கி, கடைசியில் கண்ணில் நீர் வந்தால்தான் நிற்கும். இரண்டு முறை ஸ்கூலிலிருந்து பாதியில் அனுப்பிவிட்டார்கள். டாக்டர், வைரஸ்தான், தானாகப் போகும், தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். மருந்து எழுதாத டாக்டரை அம்மாவால் நம்ப முடியவில்லை. "ஒண்ணுமே குடுக்காம அனுப்பறாரு, இவரெல்லாம் என்ன டாக்டர்" என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். அதற்கு அப்பால் ரயில் பாதை. வாய்க்கால் ஓரத்தில் ஆள் உயரத்துக்குப் புதராக வளர்ந்து நின்றதுதான் எல்டர்பெரி. ஜூன் மாதம் தட்டுத் தட்டாக வெள்ளைப் பூ. ஆகஸ்ட் முடிவில் அதே தட்டுகள் பழத்தின் கனம் தாங்காமல் கவிழ்ந்து தொங்கும். பழம் மிளகைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு. நசுக்கினால் கை ஊதாவாகி இரண்டு நாளைக்குப் போகாது. பார்க்க மணத்தக்காளிப் பழம் மாதிரியே இருக்கும். அம்மா அதை முதன்முதலில் பார்த்தபோது ஊர்க்காரரைப் பார்த்துவிட்டதுபோல் நின்றுவிட்டாள்.

அந்தப் புதருக்கு ஒட்டினாற்போல் இருந்த சிறிய வீட்டில்தான் பஸ் ஆன்ட்டி இருந்தார். என் ஸ்கூல் பஸ்ஸை ஓட்டுபவர். அறுபது வயது இருக்கும், தனி ஆள், பெரிய கைகள், புகைத்துக் கரகரத்த குரல். தம்பி இருமுவதை வேலிக்கு அப்பாலிருந்து கேட்டுவிட்டு, ஒரு நாள் பொன் நிற மூடி போட்ட பாட்டிலோடு எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே கெட்டியான ஊதா நிறச் சிரப். கிராம்பும் தேனும் கலந்து வாசனையாக இருந்தது. தம்பி ஸ்பூனை நக்கிவிட்டு இன்னொன்று கேட்டான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் படித்தால் புரியும். பஸ் ஆன்ட்டி பேசுகிற வேகத்தில் கேட்டால் கையை விட்டுப் போய்விடும். அதனால் நான் நடுவில் நின்றேன். அவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவருடைய அம்மா காலத்திலிருந்து வீட்டில் இதுதான் குளிர்கால மருந்து. பூவைக் காயவைத்துக் காய்ச்சலுக்குத் தேநீர் போடுவார்கள், குடித்துவிட்டுப் போர்த்திப் படுத்தால் வியர்த்துக் கொட்டும். பழத்தில் ஜாம், ஒயின், இருமலுக்குச் சிரப். இலையை வதக்கிச் சுளுக்குக்கு மேலே கட்டுவது உண்டு, வாயில் மட்டும் வைக்கக் கூடாது. பழத்தை முள்கரண்டியால் உதிர்க்க வேண்டும், ஒரு காம்புகூட விழக் கூடாது. தண்ணீர் விட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க வேண்டும், பச்சையாகத் தரவே கூடாது. இதை அவர் இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை தமிழில் சொன்னேன். அது ஒன்றில் மட்டும் என் மேல் தப்பில்லை.

அம்மா சிரித்தபடி தலையாட்டினாள். ஆன்ட்டி போன பிறகு என்னிடம் சொன்னாள்: "இவங்க எதையும் வேகவச்சே கொன்னுடுவாங்க. முக்கால் மணி நேரம் கொதிச்சா அதுல என்ன சத்து இருக்கும், சொல்லு."

பாட்டில் பத்து நாளில் தீர்ந்தது. அதற்குள் இருமல் பாதியாகக் குறைந்திருந்தது. சிரப்பாலா, டாக்டர் சொன்னபடி தானாகவேவா, எனக்கு இன்றும் தெரியாது. அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஆன்ட்டியிடம் இன்னொரு பாட்டில் கேள் என்றால் அவளுக்குக் கூச்சம். "எல்லாத்துக்கும் கை நீட்டிட்டே இருக்கறதா? செடி வாசல்ல இருக்கு. நான் பண்ணிக்க மாட்டேனா?"

அந்தச் சனிக்கிழமை விடியும்போதே ஒரு மளிகைப் பையை எடுத்துக்கொண்டு போய்ப் பறித்து வந்தாள். பழக்கொத்து, இலை, நுனிக்கொழுந்து எல்லாம். அவளுடைய கணக்கு எனக்கு இப்போது புரிகிறது. முருங்கையில் காய் நல்லது, இலை அதைவிட நல்லது. மணத்தக்காளியில் பழமும் ஆகும், கீரையும் ஆகும். ஆடாதொடை இலையை இடித்துப் பச்சையாகப் பிழிந்த சாற்றில் தேன் விட்டு வெறும் வயிற்றில் கொடுத்தால்தான் சளி அறுக்கும். அவள் வளர்ந்த ஊரில் இவை எல்லாமே உண்மை. இந்த வாய்க்கால் கரையில் வளர்ந்த செடிக்கு அந்த ஊர் தெரியாது என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

"ஆன்ட்டி இலை போடக் கூடாதுன்னாங்கம்மா" என்றேன்.

அம்மா மிக்ஸி மூடியை அழுத்திப் பிடித்திருந்தாள். அது ஊரிலிருந்து வந்த மிக்ஸி. இந்த ஊர்க் கரண்டுக்கு ஒத்துவராது என்று ஒரு கனமான இரும்புப் பெட்டி வழியாக ஓடும், அந்தப் பெட்டி தனியாக ஒரு ராகத்தில் உறுமும். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "அவங்க பஸ் ஓட்டறாங்க. நான் பாட்டனி படிச்சிருக்கேன்" என்றாள்.

வடிகட்டியபோது அரை டம்ளர் வந்தது. பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம். தம்பி மோந்து பார்த்துவிட்டு, "யக்கி, ஐ டோன்ட் வாண்ட் இட்" என்று சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அம்மா கூப்பிட்டாள், வரவில்லை. கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சண்டை முடிந்தால்தான் நான் நிம்மதியாகப் பார்க்க முடியும். டம்ளரை நான் வாங்கினேன். சோபாவுக்குப் பின்னால் அவனோடு உட்கார்ந்து, இது ஆன்ட்டி கொடுத்த அதே சிரப்தான், தண்ணீர் கலந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். அக்கா சொன்னால் குடிப்பான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். காலி டம்ளரை அம்மாவிடம் காட்டியபோது அவள் என் கன்னத்தைத் தட்டினாள்.

எனக்கு இப்போது எட்டு வயதில் ஒரு மகன். போன குளிர்காலத்தில் அவனுக்குச் சளி பிடித்தபோது ஆபீஸில் ஒரு தோழி எல்டர்பெரி சிரப் வாங்கிக் கொடுத்தாள். எந்தக் கடையிலும் கிடைப்பதுதான், பழம் வேகவைத்துச் செய்தது. அவன் டாக்டரிடம் கேட்டேன். சிலருக்குச் சளி ஒன்றிரண்டு நாள் முன்னதாக விடலாம், அதுவும் உறுதியில்லை, கொடுத்தால் தவறில்லை என்றார். பாட்டிலின் பின்பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூடியைத் திறந்தேன், மூடினேன். என் மகன், "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றான். என் தம்பி இப்போது சான் ஹோசேயில் இருக்கிறான். அவன் பிள்ளைகளுக்குத் தினமும் எல்டர்பெரி ஜவ்வு மிட்டாய் கொடுக்கிறான். அந்தச் சனிக்கிழமையில் அவனுக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சை ஜெல்லி மட்டும்தான்.

அன்று எட்டரைக்கு முதல் வாந்தி. அம்மா, "சளி வெளிய வருது, நல்லதுதான்" என்றாள். ஒன்பதுக்குள் இன்னும் மூன்று முறை. அதன் பிறகு வர ஒன்றுமில்லாமல் வயிறு மட்டும் சுருண்டு சுருண்டு எழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் தரையில் படுத்துவிட்டான். தூக்கி நிறுத்தினால் நிற்கவில்லை. "கால்ல எறும்பு ஓடுது" என்று என்னிடம் சொன்னான். காலைப் பார்த்தேன். எறும்பு எதுவும் இல்லை.

அம்மா அப்பாவுக்குப் போன் செய்தாள். அங்கே மணி எட்டுதான். அவர் துணி துவைக்கப் போயிருந்தார், உடன் தங்கியிருந்தவர் தகவல் சொல்கிறேன் என்றார். பிறகு மேல்மாடி அங்கிளைக் கூப்பிட்டாள். அவர் க்ரீன் கார்டு வாங்கிவிட்டவர். எங்கள் கட்டடத்தில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும், அவருக்குப் பதில் தெரியாவிட்டாலும், அவரைத்தான் கேட்பார்கள். ஐந்து நிமிடத்தில் காரை எடுத்து வந்தார். அதற்கு அவருக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். அம்மா பின்சீட்டில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, என்ன கொடுத்தேன் என்பதை அழுகைக்கு நடுவே சொன்னாள்.

அங்கிள் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "இலைய அரைச்சுக் குடுத்தேன்னு அங்க போய்ச் சொல்லிடாதீங்க. இங்க அதுக்கு கேஸ் போட்டுடுவாங்க. புள்ளைய தூக்கிட்டுப் போயிடுவாங்க. உங்க வீட்டுக்காரர் விசா அதோட க்ளோஸ்."

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது.

"அந்த வெள்ளைக்கார அம்மா சிரப் குடுத்தாங்கல்ல? அதக் குடிச்சான்னு சொல்லுங்க. பொய் இல்லையே, குடுத்தாங்கதானே?" பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீதான பேசப் போற. புரிஞ்சுதா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தம்பியின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "அங்கிள் சொல்ற மாதிரியே சொல்லுடி" என்றாள்.

எமர்ஜென்சியில் நர்ஸ் என் உயரத்துக்குக் குனிந்து கேட்டார். பக்கத்து வீட்டில் செய்த எல்டர்பெரி சிரப் குடித்தான் என்றேன். யார் செய்தது என்றார். பஸ் ஆன்ட்டி தன் போன் நம்பரை அவசரத்துக்கு என்று என் ஸ்கூல் நோட்டில் எழுதித் தந்திருந்தார். அது எனக்கு மனப்பாடம். சொன்னேன். நர்ஸ் விஷத்துக்கான உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு முகம் சுளித்தபடி திரும்பி வந்தார். வேகவைத்த பழச் சிரப் இப்படிச் செய்யாது என்கிறார்களாம். வயிற்றில் ஏதோ வைரஸ் தொற்றாக இருக்கலாம் என்று யோசிக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு என்னிடம் இன்னொரு முறை, மிக மெதுவாகக் கேட்டார்: சிரப் மட்டும்தானா, வேறு எதுவும் இல்லையா?

தம்பி திரைக்கு அந்தப் பக்கம் முனகிக்கொண்டிருந்தான். அங்கிள் சுவரோரம் நின்று எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, சொல்லாதே என்று தலையசைத்தார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேள்வி புரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

சிரப் மட்டும்தான் என்றேன்.

அந்தப் பதிலைத்தான் நான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். முதல் தடவை சொன்னது பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது. இரண்டாம் தடவை எனக்குத் தெரிந்துவிட்டது: உண்மையைச் சொன்னால் இவர்கள் தம்பியைச் சரியாகப் பார்ப்பார்கள், சொல்லாவிட்டால் பார்க்க மாட்டார்கள். தெரிந்தேதான் சொன்னேன். பயத்தில் அம்மா செய்ததை இன்று என்னால் மன்னிக்க முடிகிறது. எனக்கும் பிள்ளை இருக்கிறது; பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாராவது சொன்னால் நானும் என்னவெல்லாம் சொல்வேனோ. அப்பா போய் மூன்று வருடமாகிறது. அவருக்குக் கடைசி வரை தெரியாது. அம்மாவும் நானும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவள் என்னோடுதான் இருக்கிறாள். தோழி கொடுத்த சிரப் பாட்டில் வீட்டுக்குள் வந்த அன்று அதைப் பார்த்தாள், எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். நர்ஸ் போன் செய்து வரச் சொன்ன பஸ் ஆன்ட்டி வந்தார். வீட்டுச் செருப்போடு, ஆண்கள் போடும் கட்டம் போட்ட சட்டையோடு. டாக்டர் அவரை ஓரமாக அழைத்து விசாரித்தார். நான் அருகில்தான் இருந்தேன். சிரப் தீர்ந்து சில நாளாயிற்று, காலி பாட்டிலை இந்தப் பெண்தான் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவர் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் விரல் நகங்களைச் சுற்றி ஊதாக் கறை.

பிறகு டாக்டரிடம் சொன்னார். இலையும் காம்பும் சேர்ந்திருக்கிறது, பச்சையாக அரைத்தது. காலையில் புதரில் இலை பறித்திருந்ததைத் தன் ஜன்னலிலிருந்து பார்த்ததாகச் சொல்லி, அதற்கான வைத்தியத்தைப் பாருங்கள் என்றார். டாக்டர், இலையைப் போடும்படி யார் சொன்னார்கள் என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் பஸ் ஆன்ட்டி. "அவர்களுக்கு இந்தச் செடி தெரியாது. நான்தான் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். நான் ஆன்ட்டியின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முள்கரண்டியைப் பிடித்து, ஒரு காம்பு விழாமல் எப்படி உதிர்ப்பது என்று எங்கள் சமையலறை மேஜையில் காட்டித் தந்த கை.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தம்பிக்கு ட்ரிப்ஸ் ஏற்றினார்கள், ரத்தம் எடுத்தார்கள், விரலில் சிவப்பு விளக்கு எரியும் கிளிப்பை மாட்டினார்கள். மூச்சையும் நாடியையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். மத்தியானம் வாந்தி நின்றது. மூன்று மணிக்குக் கண்ணைத் திறந்து, காலில் எறும்பு போய்விட்டது என்றான். டாக்டர் அம்மாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். இன்று இங்கேயே இருக்கட்டும், நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார். அதை அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். அன்று நான் மொழிபெயர்த்துச் சொன்னதில் அது ஒன்றுதான் முழுக்க உண்மை.

பஸ் ஆன்ட்டி வீட்டுக்குப் போகவில்லை. அம்மாவுக்கு மெஷினிலிருந்து காபி வாங்கி வந்து கொடுத்தார். தம்பிக்கு ஜெல்லியை ஊட்டினார். அவரும் அம்மாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, "ஆன்ட்டிகிட்ட..." என்று தொடங்கினாள். நான் காத்திருந்தேன். "ஒண்ணுமில்ல, போ" என்றாள்.

அப்பா கிடைத்த விமானத்தைப் பிடித்து மாலை ஆறரைக்கு வந்து சேர்ந்தார். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. மேல்மாடி அங்கிள் ஏர்போர்ட்டுக்குப் போய் அவரை அழைத்து வந்திருந்தார். வரும் வழியில் கதை முழுவதையும் சொல்லியிருக்க வேண்டும். அப்பா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தம்பியின் மேல் குனிந்து முத்தம் கொடுத்தார், என் தலையைத் தொட்டார், அம்மாவிடம் "பயந்துட்டியா" என்றார். பஸ் ஆன்ட்டி எழுந்து நின்று அவரிடம் கை நீட்டினார்.

அப்பா அந்தக் கையைக் குலுக்கினார். அவர் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. நல்ல ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, "நீங்கள் இவ்வளவு நேரம் இருந்ததற்கு நன்றி, மேடம். இனி நீங்கள் வீட்டுக்குப் போகலாம். எங்கள் கதவை மறுபடி தட்ட வேண்டாம். திங்கட்கிழமையிலிருந்து என் மகள் உங்கள் பஸ்ஸில் வர மாட்டாள்" என்றார்.